எட்டாம் எண்ணுக்கு ஆணி இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதிப் பிழைக்கிறவன் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று எனக்கும் தெரியும். இதுவரை நான் எழுதி அச்சான எதிலும் உண்மை கால்வாசிதான், மிச்சம் உப்பும் காரமும். இதில் அந்த வேலை இல்லை. தேதி, கிழமை, மணி எல்லாம் அன்றன்றைக்கே டைரியில் குறித்தது. பேயைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், 'வேட்டி கட்டியிருந்ததா, பேண்ட் போட்டிருந்ததா' என்று கேட்கிற ஆள் நான். கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன், 1983 நவம்பர் ஏழாம் தேதி மாலை ஆறு நாற்பத்திரண்டு வரைக்கும்.

காரைக்காலில் மதார் சாகிப் கம்பெனி என்றால் அப்போது படகு வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். படகு இன்ஜின் விற்பார்கள், பழுதும் பார்ப்பார்கள். முதலாளி பாதி வருஷம் சிங்கப்பூரில். நான் தலைமை எழுத்தர். எனக்குக் கீழே எழுத்தர் என்று யாரும் கிடையாது. இருந்தாலும் தலைமை. மேனேஜர் பாலகுரு, மெட்ராஸில் பத்து நாள் நிர்வாகப் பயிற்சிக்குப் போய் வந்தவர். போகும்போது சாதாரண மனிதராகத்தான் பஸ் ஏறினார். திரும்பி இறங்கும்போது 'சிஸ்டம்' என்ற சொல்லோடு இறங்கினார். டீ ஆறிப்போய் வந்தாலும் சிஸ்டம் சரியில்லை என்பார்.

கம்பெனியில் இரண்டு அறை. முன்னறையில் புகார் மேஜை. இன்ஜின் நின்றுபோச்சு, புகை வருது என்று வருகிறவர்கள் சொல்வதை லோகாம்பாள் அம்மா அங்கே உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். பின்னறை பட்டறை. எந்த வேலையை யார் பார்ப்பது என்று மேஸ்திரி கோவிந்தராசு அங்கே கரும்பலகையில் எழுதுவார். நடுவில் ஒரு சுவர். லோகாம்பாளும் கோவிந்தராசும் ஓர் ஊறுகாய் ஜாடி விஷயமாக நாலு வருஷமாய்ப் பேசிக்கொள்வதில்லை. ஆகவே நோட்டில் இருப்பது பலகைக்குப் போகாது. பலகையில் இருப்பது நோட்டுக்கு வராது. படகுக்காரன் தானே பின்பக்கமாகப் போய்ச் சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும்.

"ரெண்டையும் இணைக்கணும், மிஸ்டர் நடராசன்," என்றார் பாலகுரு.

ஊறுகாய் ஜாடியை விசாரித்திருந்தால் ஒரே நாளில் இணைந்திருக்கும். அதை விட்டுவிட்டுச் சுவரில் ஓட்டை போட்டார்கள். ஒரு சாண் அகலம், அரைச் சாண் உயரம். இரண்டு பக்கமும் தகரத் தட்டு. கயிறு கட்டிய ஒரு பித்தளை மணி. புகார் வந்தால், எண் அச்சடித்த சீட்டில் எழுதி ஓட்டை வழியே தள்ள வேண்டும். பட்டறையில் பெரிய பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணிக்கும் ஓர் எண். சீட்டில் என்ன எண்ணோ அந்த ஆணியில் மாட்ட வேண்டும். வேலை முடிந்தால் சீட்டு அதே ஓட்டை வழியே திரும்பி வரும். மணி அடிக்கும். இதுதான் சிஸ்டம்.

விஜயதசமி அன்று திறப்பு விழா. ஓட்டைக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். ஓர் ஓட்டைக்கு ரிப்பன் வெட்டிய ஊர் வேறு எங்கும் இருக்காது.

பாலகுரு இன்னொன்றும் செய்தார். சீட்டு ஓட்டைக்குள் போன உடனேயே நோட்டில் 'முடிந்தது' என்று முத்திரை குத்தச் சொன்னார்.

"வேலை இன்னும் நடக்கலீங்களே," என்றார் லோகாம்பாள்.

"உங்க மேஜைக்கு அதோட வேலை முடிஞ்சுதா இல்லையா?"

"என் மேஜைக்கு முடிஞ்சுதுங்க. படகுக்கு?"

"படகு நம்ம ரெக்கார்டுல இல்லம்மா."

மாசக் கடைசியில் 'நிலுவைப் புகார் எதுவுமில்லை' என்று சிங்கப்பூருக்குக் கடிதம் போகும். விஷயம் அதுதான்.

பலகைக்கு எண் எழுதியவர் கோவிந்தராசு. சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாறு போய் எள் விளக்கு ஏற்றுகிறவர். விழா அன்று காலை பலகையைப் பார்த்தேன். ஏழுக்கு அடுத்து ஒன்பது.

"எட்டு எங்க மேஸ்திரி?"

"எட்டு சனீஸ்வரனோட நம்பருங்க. அந்த ஆணியில மாட்டுற வேலை விளங்குமா? எதுக்கு வம்பு."

சீட்டுக்கு எண் அடிக்கச் சொல்லி அச்சகத்துக்குப் போனவன் நான். அவர்களுக்கு சனி பயம் கிடையாது. ஒன்றிலிருந்து ஐந்நூறு வரை விடாமல் அடித்துக் கொடுத்திருந்தார்கள். சீட்டில் எட்டு உண்டு. பலகையில் எட்டு கிடையாது. எட்டாம் புகார் வந்தால் அதை மாட்ட இடமில்லை. இது எனக்கு அன்று காலையே தெரியும்.

சொல்லியிருக்கலாம். ஓர் ஆணி. சுத்தியலால் இரண்டு தட்டு.

சொல்லவில்லை. அது அவ்வளவு நல்ல நகைச்சுவை. சரி செய்துவிட்டால் கெட்டுப்போகும். அன்று சாயந்தரமே துணுக்காக எழுதி ஒரு வாரப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

அக்டோபர் இருபது, வியாழன். எட்டாவது புகார் வந்தது.

மண்டபத்தூர் செல்லக்கண்ணுவின் படகு. புகாரைக் கொண்டுவந்தவள் அவன் மனைவி அல்லி. இருபத்திரண்டு வயதிருக்கும். மீன் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். இன்ஜின் ஒரு மணி நேரம் ஓடினால் சூடேறி நின்றுவிடுகிறது. "மறந்துராதீங்க அக்கா," என்று லோகாம்பாளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். சீட்டு ஓட்டைக்குள் போயிற்று. முத்திரை விழுந்தது. அந்தப் பக்கம் கோவிந்தராசு ஆணியைத் தேடியிருக்கிறார். இல்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று காலண்டர் ஆணியில் செருகினார். காலண்டருக்குப் பின்னால்.

செவ்வாய்க்கிழமை அல்லி மறுபடி வந்தாள்.

"எட்டு ஆச்சுங்களா அக்கா?"

லோகாம்பாள் நோட்டைப் புரட்டினார். முத்திரையைப் பார்த்தார். "முடிஞ்சிருச்சும்மா."

தான் மீன் விற்கப் போயிருந்த நேரத்தில் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வீட்டில் போய் அப்படியே சொன்னாள். சரி பண்ணிட்டாங்களாம், நீ போ என்று.

மறுநாள் விடியற்காலை மூன்று பேர் போனார்கள். திரும்பி வரும்போது முகத்துவாரத்துக்கு வெளியே இன்ஜின் நின்றது. நல்ல காற்று. படகு புரண்டது. இரண்டு பேர் டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக் கரை சேர்ந்தார்கள். செல்லக்கண்ணுவின் உடல் மூன்றாம் நாள் ஒதுங்கியது.

அக்டோபர் முப்பத்தொன்று, திங்கள், காலை பதினொன்று இருபது. காரியம்கூட முடியவில்லை. அந்த நிலையில் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. அல்லி வந்தாள்.

"ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார். முடிஞ்சுதுன்னு நீங்க சொன்னீங்க, அதைத்தான் நான் சொன்னேன்னு. நானாச் சொல்லலைன்னு."

"எதுக்கும்மா அது?" என்றார் பாலகுரு.

"நான் பொய் சொல்லி அனுப்பிட்டேங்கறாங்க. ஊர்ல ஒருத்தரும் முகத்தைப் பாக்கறதில்ல. அத்தை பேசறதில்ல. சோறு போடறதில்ல. எழுத்துல இருந்தா நம்புவாங்க சார்."

"எழுத்துல எல்லாம் குடுக்க முடியாது. சிஸ்டப்படி உன் புகார் முடிஞ்சுதான் இருக்கு. வேணும்னா ரெக்கார்டைப் பாத்துக்க."

"அவரு செத்துட்டாருங்க."

"அதுக்கு வருத்தப்படறோம்மா. ரெக்கார்டு வேற, அது வேற."

அவள் என் பக்கம் திரும்பினாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் என்னைத்தான் பார்த்தாள். நான் மைக்கூட்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அதைத் திருகி முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவள் இல்லை.

நவம்பர் ஆறு, ஞாயிறு. பத்திரிகை வந்தது. என் துணுக்கு, பெட்டி கட்டி, சின்னப் படத்தோடு. 'எங்கள் ஊர்ப் பட்டறையில் ஏழுக்கு அடுத்து ஒன்பது. நடுவிலே எட்டு எங்கே என்றால், சனி பிடித்துக்கொண்டு போய்விட்டது என்கிறார்கள்.' கடைத்தெருவில் நாலைந்து பேர் தோளில் தட்டினார்கள். நான் சிரித்தேன்.

அன்று ராத்திரி பெரிய மழை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

நவம்பர் ஏழு, திங்கள். லோகாம்பாள் மகள் பிரசவத்துக்கு விடுப்பில் போயிருந்தார். புகார் மேஜையில் நான் உட்கார்ந்தேன். படகுகள் கரைக்கு வந்த பிறகுதான் புகார் வரும் என்பதால் அந்த மேஜை ஏழு மணி வரை திறந்திருக்கும். பட்டறையை ஆறு மணிக்கே பூட்டிவிட்டார்கள். சாவி என் எதிரே மேஜை மேல். பாலகுருவும் போய்விட்டார். மழை விட்டிருந்தது. தாழ்வாரத்தில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆறு நாற்பத்திரண்டு.

டிங்.

மணி அடித்தது. ஒரே ஒரு தடவை.

ஓட்டையைப் பார்த்தேன். தகரத் தட்டில் ஒரு சீட்டு கிடந்தது. எடுத்தேன். ஈரம். எண் எட்டு. பின்பக்கம் மணல் ஒட்டியிருந்தது.

எலி கயிற்றை இழுத்திருக்கும் என்று நினைத்தேன். சீட்டைக் கோவிந்தராசு போகும்போது தட்டில் வைத்திருப்பார். ஈரம், கூரை ஒழுகியதாக இருக்கும். எனக்கு எதற்கும் ஒரு காரணம் சொல்ல வரும். அதுதான் என் தொழிலே.

நிமிர்ந்தேன். மேஜைக்கு எதிரே அல்லி நின்றாள்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தாள்.

"எட்டு ஆச்சுங்களா சார்?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. துக்கத்தில் புத்தி கலங்கியிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். கை தானாக நோட்டைப் புரட்டியது. முத்திரை இருந்தது. என் வாய் அதைப் படித்தது.

"முடிஞ்சிருச்சும்மா."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு சமாதானத்துக்கு ஆட்டுவது போல. அப்புறம் போய்விட்டாள்.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தெரு நீளத்துக்கும் யாருமில்லை. சேறு, வாசல்வரைக்கும். அதில் என் செருப்புத் தடம் மட்டும்...

திரும்பி வந்தேன். அவள் நின்ற இடத்தில் தண்ணீர் இல்லை. ஒரு பிடி மணல் இருந்தது.

மணி ஆறு ஐம்பத்தொன்று. சீட்டை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் சத்தம்.

"எவன்டா பலகையில ஆணி அடிச்சது?" கோவிந்தராசு.

போய்ப் பார்த்தேன். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஓர் ஆணி. எங்கள் பட்டறை ஆணி இல்லை. படகுப் பலகைக்கு அடிக்கிற நீள ஆணி. உப்பில் துருவேறியது. அதில் ஒரு சீட்டு தொங்கியது.

எட்டு.

என் டிராயரைத் திறக்கப் போனேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தால், உள்ளே சீட்டு இல்லை.

கோவிந்தராசு குறடு போட்டு இழுத்தார். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஆணி வரவில்லை. சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது. காலண்டரைத் தூக்கி அதன் பின்னால் பார்த்தார். அப்படியே வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் மாட்டலீங்க," என்றார். "அந்தப் புள்ள சீட்டை நான் மாட்டவே இல்லீங்க."

சீட்டை நான்தான் அதே ஆணியில் திரும்ப மாட்டினேன். அன்று சாயந்தரம் முதல் வேலையாக மணியைக் கழற்றினேன். கயிற்றைச் சுருட்டி, நாக்கில் துணி சுற்றி, டிராயருக்குள் வைத்தேன்.

ஆறு முப்பது. ஆறு நாற்பது.

ஆறு நாற்பத்திரண்டு.

டிங்.

டிராயருக்குள்ளிருந்து.

நான் நிமிரவில்லை. நிமிராவிட்டால் இல்லை என்று ஆகிவிடும் என்பது போல. மேஜை விளிம்பில் தண்ணீர் சொட்டுவது தெரிந்தது.

"எப்படிம்மா வந்தே?" என்றேன். ஏதாவது பேச வேண்டுமே.

"பஸ்ஸுலதான் சார்."

திங்கட்கிழமை காலையிலிருந்து மண்டபத்தூர் ரோட்டில் பஸ் இல்லை. பாலத்துக்கு மேல் தண்ணீர். அது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

"நீங்க எழுதினதை டீக்கடையில படிச்சாங்க சார்," என்றாள். "ஞாயித்துக்கிழமை. எல்லாரும் சிரிச்சாங்க. நான் தெருவுல நின்னு கேட்டேன். அது எங்க நம்பருன்னு அவங்க யாருக்கும் தெரியலை. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏன் சார், ஓர் ஆணி அடிச்சிருக்கக் கூடாதா?"

நாற்பது வருஷமாகிறது, இன்னும் பதில் தயாராகவில்லை.

நிமிர்ந்தபோது ஆறு ஐம்பத்து மூன்று. யாருமில்லை. மேஜை விளிம்பில் மணல்.

புதன்கிழமை. நவம்பர் ஒன்பது.

காலையில் பாலகுருவிடம் போனேன். அந்தப் பெண் கேட்ட வரியைக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"மிஸ்டர் நடராசன், ஒரு தடவை எழுத்துல குடுத்தா சிஸ்டமே போயிரும்."

"போகட்டும் சார்."

"என்ன சொன்னீங்க?"

"போகட்டும்னேன்."

அவர் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன்.

மாலை ஆறு மணிக்குப் பட்டறை பூட்டியது. நான் உட்கார்ந்தேன். மேஜையில் காப்பியிங் பென்சில் எடுத்து வைத்திருந்தேன், ஈரம் பட்டால் ஊதாவாகிற பென்சில். பேனா மை கரைந்துபோகும். இது கரையாது.

ஆறு முப்பத்தைந்து. கரண்ட் போனது. அரிக்கேனை ஏற்றினேன்.

ஆறு நாற்பது.

ஆறு நாற்பத்திரண்டு.

மணி அடிக்கவில்லை.

ஆறு நாற்பத்து மூன்று...

ஆறு நாற்பத்தைந்து...

வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம். பூட்டிய பட்டறைக்குள்.

ஈரக்கால் நடக்கிற சத்தம்.

சப்... சப்... சப்...

பலகை வரைக்கும் போனது.

நின்றது.

ஆணியிலிருந்து காகிதம் உருவப்படுகிற சத்தம்.

சப்... சப்...

சுவரை நோக்கி வந்தது.

ஓட்டைக்கு எதிரே நின்றது.

விளக்கை உயர்த்தினேன்.

ஓட்டைக்குள்ளிருந்து விரல்கள் வந்தன.

ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்தால் தோல் சுருங்குமே. அப்படி.

விரல்களுக்கு நடுவில் எட்டாம் எண் சீட்டு.

"எழுதிக் குடுங்க சார்."

வாங்கினேன். திருப்பினேன். எழுதினேன்.

'புகார் எண் 8. மண்டபத்தூர் செல்லக்கண்ணுவின் இன்ஜினை நாங்கள் பழுது பார்க்கவில்லை. பார்த்தாயிற்று என்று அவர் மனைவி அல்லியிடம் சொன்னது நாங்கள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. குறை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்தும் சொல்லாமல் இருந்தவன் நான். நடராசன். 9-11-83. மாலை 6.55.'

ஓட்டை வழியே நீட்டினேன். வாங்கிக்கொண்டபோது விரல் பட்டது.

ஐஸ் பெட்டியில் கை விட்ட மாதிரி இருந்தது.

"அத்தைகிட்ட காட்டணும்," என்றது குரல். சுவருக்கு அந்தப் பக்கம், ரொம்பப் பக்கத்தில். "இதைப் பாத்தாப் பேசிருவாங்க."

சப்... சப்...

அப்புறம் ஒன்றுமில்லை.

ஆறு ஐம்பத்தெட்டு. கரண்ட் வந்தது.

சாவியை எடுத்துப் போய்ப் பட்டறையைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று ராத்திரி நான் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். எதைப் பார்த்தேன், அது உயிருள்ளதா இல்லாததா, எதுவும் யோசிக்கவில்லை. எழுதிக் கொடுத்தாயிற்று என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. இனி அவளுக்குச் சோறு கிடைக்கும்.

வியாழக்கிழமை காலை கம்பெனிக்குப் போகவில்லை. மண்டபத்தூருக்கு நடந்தேன். பஸ் இன்னும் விடவில்லை. பாலத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கேட்டுக்கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி பத்து ஐந்து. வாசலில் பெரியநாயகி உட்கார்ந்திருந்தாள். செல்லக்கண்ணுவின் தாய்.

"யாரு?"

"இன்ஜின் கம்பெனியிலேருந்து வர்றேங்க."

"இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம்மா. நேத்து உங்க மருமக கையில ஒரு காயிதம் குடுத்தேன். உங்ககிட்ட காட்டிச்சான்னு கேக்க வந்தேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்பக் குடுத்தீங்க?"

"நேத்து சாயந்தரம். ஏழு மணி இருக்கும்."



"தம்பி," என்றாள். "அவ திங்கக்கெழமை விடியக்காலையில கரையில கெடந்தா. அவளாப் போனாளா, அலை இழுத்துச்சா, யாரு கண்டா. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாச்சு."

திங்கள் பொழுது சாயும் முன்பே எடுத்துவிட்டார்கள். திங்கள் மாலை ஆறு நாற்பத்திரண்டுக்குத்தான் அவள் முதலில் என் எதிரே வந்து நின்றாள்.

நான் வாசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் வாயில் காயிதம், காயிதம் என்றே வந்தது. எழுதிக் கொடுத்தேனே, வாங்கிக்கொண்டாளே. கிழவி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு துணி முடிச்சு.

"குளிப்பாட்டையில முந்தானையில இருந்துச்சு. வெட்டி எடுத்து மாடத்துல போட்டேன். திங்கக்கெழமையிலேருந்து அங்கதான் கெடக்கு. நான் அவுக்கல. செத்த பொறவும் அவ மேல அவ்வளவு கோவம் எனக்கு."

துணி காய்ந்து, உப்புப் பூத்து, கட்டை மாதிரி இருந்தது. விரலால் அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு விட்டது.

உள்ளே நாலாக மடித்த ஒரு காகிதம்.

பிரித்தாள். ஊதா எழுத்து.

"என்ன போட்டிருக்கு? படிங்க."

படித்தேன். என் கையெழுத்து. எட்டாம் எண் சீட்டு. ஒரு சொல் மாறவில்லை. கடைசி வரிக்கு வந்தபோது விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி, மாலை 6.55. ஏழாம் தேதி வெட்டி எடுத்த முடிச்சுக்குள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. தேதி அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு வாட்டி படிங்க," என்றாள். படித்தேன். 'அவள் பொய் சொல்லவில்லை' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அதை மட்டும் மூன்றாவது தடவை படிக்கச் சொன்னாள்.

காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக் கொடுத்தாள். அழவில்லை. நான் வந்த விதம், அவள் போன விதம், எப்போது யார் யாரைப் பார்த்தது, எதையும் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நேத்து வந்தப்ப... பசிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாளா?"

மூன்று மாலை என் எதிரே வந்து நின்றாள். சாப்பிட்டாயா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.